கோட்டை பார்க்கப் போன அத்தான்

ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்குப் பறந்த அந்த ஏழு மணித்தியாலமும் அத்தான் ஒரு நீல நிற ஃபைலை மடியில் வைத்திருந்தார். இரண்டு மூலையிலும் இறப்பர் நாடா போட்டு இறுக்கியும் வாய் மூட மறுத்த தடித்த ஃபைல். கனடாவில் வந்து இறங்கிய அன்று கொடுத்த தாள், குடியுரிமைச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வீட்டு உறுதிப் பத்திரம், வேலைத்தலத்துக் கடிதம், பொலிஸ் நற்சான்று, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், போதாக்குறைக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்று குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் அதற்குள் இருந்தன. சாப்பாடு வந்தபோது ஃபைலை முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் செருகிவிட்டுச் சாப்பிட்டார். கழிப்பறைக்குப் போனபோதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “கோட்டை பாக்கப் போற மனிசன், கோட்டையை வாங்கப் போறவர் மாதிரி உறுதியெல்லாம் கட்டிக்கொண்டு வாறார்” என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஃபைல் எதற்கு என்று அந்த விமானத்தில் அத்தானைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தான் என் அக்காவின் கணவர். பதினேழு வயதில் நான் கனடாவுக்கு வந்தபோது பொறுப்பெடுத்துக் கூப்பிட்டவர் அவர்தான். பிறம்ரனில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். இரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், பனிக்குள் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் படுப்பார். என் பட்டமளிப்பு விழாவில், மேடையேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆர் பெற்ற பிள்ளை என்று பாராமல், கை சிவக்கச் சிவக்கத் தட்டியவர். இந்த மனிதரில் எங்களுக்கு ஒரேயொரு பகிடி இருந்தது. பொலிஸ் கார் ஒன்று எதிரில் வந்தால், சரியான வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாலும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அரசாங்க முத்திரை போட்ட கடிதம் வந்தால் முகம் கழுவிக்கொண்டு வந்து, கதிரையில் இருந்துதான் உடைப்பார். மரத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லி நகரசபை அனுப்பிய துண்டையும் அப்படித்தான் உடைத்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

எங்கள் சனத்துக்கு லண்டன் என்றால் அடுத்த ஒழுங்கை மாதிரி. கோடை வந்தால் ஆருக்காவது கல்யாணம், ஆருக்காவது சாமத்தியச் சடங்கு என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். அத்தான் மட்டும் ஒருநாளும் போனதில்லை. வேலையில் லீவு இல்லை, முதுகு பிடித்துவிட்டது, வீட்டுக் கூரை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். கூடப் பிறந்த ஒரேயொரு தமையன் அங்கே ஹரோவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் தொலைபேசியில் பேசுவார்கள். அந்தத் தமையன் இறந்த செய்தி, இறந்த பிறகுதான் அத்தானுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியபோது குளிர்காய்ச்சல், தொண்டை அடைப்பு என்று சமாளித்திருக்கிறார். அத்தான் செத்தவீட்டுக்கும் போகவில்லை. நிலக்கீழ் அறையில் தனியாக இருந்து, நேரலையில் பார்த்தார். பெட்டியை மூடிய நேரம் கணினியையும் மூடிவிட்டு மேலே வந்து, அக்காவிடம் ஒரேயொரு வசனம்தான் சொன்னார்: “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லைப் பாத்தியே.” லண்டன் பக்கத்தில் வேறு கதை ஓடியது. சொந்தத் தமையன்ரை செத்தவீட்டுக்கு வராத அளவுக்குக் கனடாக்காரருக்குத் தலைக்கனம் என்றார்கள். தமையனின் மனைவியான அண்ணியோடு பேச்சு மெல்ல மெல்ல நின்றது.

இது இப்படியிருக்க, மூன்று வருடத்துக்கு முன் அத்தான் ஓய்வு பெற்றபோது, அக்கா அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். பின்னேரங்களில் ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆசை அவளுடையது. பதினான்கு பேர் மட்டும் போகும் சின்னச் சுற்றுலா; எட்டு நாள்; கோட்டைகள், தேநீர்ச் சாலைகள், கிராமத்துப் பப்புகள். ரொறன்ரோவிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவார்கள். பதிந்துவிட்டு, பிரியாவிடை விருந்தில் எல்லோருக்கும் முன்னால் உறையை நீட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தானின் முகம் வெளிறியதை, சந்தோசத்தில் வாயடைத்துப் போனார் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அத்தான் என்னை மார்க்கம் நகரில் ஒரு கோப்பிக் கடைக்கு வரச்சொன்னார். உள்ளே போகவில்லை. கார்த் தரிப்பிடத்தில், கண்ணாடியெல்லாம் பூட்டியபடி, காருக்குள்ளேயே இருந்தோம்.

“பிள்ளை, நீ எயார்போட்டிலை வேலை செய்யிறாய். உனக்குத் தெரிஞ்சிருக்கும். கைரேகையை எத்தினை வருசத்துக்கு வைச்சிருப்பாங்கள்?”

மிசிசாகாவில் விமான நிலையத்தில் எனக்கு வேலை என்பது உண்மைதான். பயணப்பெட்டியை நிறுத்துத் துண்டு ஒட்டி அனுப்புகிற வேலை. ஆனால் அத்தானுக்கு நான்தான் எயார்போட். அன்றுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். எண்பதுகளின் கடைசியில் வேறொருவருடைய கடவுச்சீட்டில் லண்டனில் வந்து இறங்கிப் பிடிபட்டது. அந்தப் பெயரிலேயே அகதி வழக்குப் போட்டது. பத்து விரலும் பதிந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த தமையன் பிணை நின்று வெளியே எடுத்தது. கிழமைக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது கட்டளை. எட்டு மாதம் வைத்தார். வழக்குத் தோற்கும் போலிருந்தபோது, இன்னொரு கடவுச்சீட்டில் கனடாவுக்கு ஏறிவிட்டார். பிணை நின்ற தமையனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர் பொய் சொல்ல வேண்டி வரும், தெரியாவிட்டால் உண்மையாகவே தெரியாது என்று சொல்லலாம் என்று நினைத்தாராம்.

“அக்காவுக்கு?”

“கலியாணம் பேசேக்கை ஜேர்மனியாலை வந்தனான் எண்டுதான் சொன்னது. பிறகு எப்பிடிச் சொல்லுறது? நீயும் சொல்லிப்போடாதை.”

“முப்பத்தஞ்சு வருசமாச்சு அத்தான். அதெல்லாம் எப்பவோ அழிஞ்சு போயிருக்கும்” என்றேன். நிச்சயமாகத் தெரிந்தவளைப் போலச் சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது. மறுநாள் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம், வேறு ஆருடையதோ கதை போலக் கேட்டுப் பார்த்தேன். பிரச்சினை வராது, ஆனால் அடித்துச் சொல்லவும் முடியாது என்றார். அந்த ‘ஆனால்’ என்ற சொல்லை நான் அத்தானிடம் சொல்லவில்லை. அதை என்னுடனேயே வைத்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டு அவர்களோடு புறப்பட்டேன்.

அத்தானுக்கு ஒரு கணக்கு இருந்தது. “தமிழ் ஆக்களைப் பாக்கப் போறம் எண்டாத்தான் நோண்டிக் கேப்பாங்கள். வெள்ளையள் பத்துப்பேரோடை கோட்டை பாக்க எண்டு போனா ஆர் கேக்கப்போறான்?” என்றார். அதனால் லண்டனில் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது, அண்ணிக்கும் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டார். லண்டனுக்குப் போய்ச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் திரும்பி வருவது எங்கள் சனத்தில் நடக்கிற காரியமா? அக்கா வாதாடிப் பார்த்துவிட்டு, அண்ணியோடு அவருக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள்.

லண்டன் விமான நிலையத்தில் இறங்கியபோது அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதில்களை வாய்க்குள் உருப்போட்டபடி நடந்தார். சுற்றுலா வழிகாட்டிப் பெண் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆனால் அங்கே அதிகாரி எவரும் இல்லை. கனடாக் கடவுச்சீட்டுக்காரர் எல்லோரும் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுப் பக்கம் போங்கள் என்று கையைக் காட்டினார்கள். கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைத்து, கமராவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அக்கா போனாள். அத்தான் வைத்தார். நான் பின்னால் நின்று எண்ணினேன். பதினைந்து எண்ணுவதற்குள் கதவு திறந்தது. அத்தான் அசையவில்லை. ஒரு பணியாளர் வந்து, வழியை விடுங்கள் ஐயா என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தார். நான் அந்தப் பக்கம் போனபோது, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்று என்னைக் கேட்டார்: “இவ்வளவுதானோ?”

நிம்மதி பஸ் ஏறும் வரைக்கும்தான். ஏறி உட்கார்ந்ததும் என் காதருகில் குனிந்தார். “உள்ளை விடேக்கை பிடிக்க மாட்டாங்கள். போகேக்கைதான் பிடிப்பாங்கள்.” அடுத்த ஏழு நாளும் நான் அந்த ஒற்றை வசனத்தோடு சுற்றினேன்.

முதலாவது கோட்டை வேல்ஸில். சுற்றிவர அகழி, கல்லுப் படிகள், மேலே கொடி. அக்கா சின்னப்பிள்ளை மாதிரி மதிலுக்கு மதில் ஓடினாள். வழிகாட்டிப் பெண் நல்லவர், கலகலப்பானவர். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸில் ஏறியதும் எங்களைத் தலை எண்ணுவார். அவருடைய விரல் தன் பக்கம் வரும்போது அத்தான் நிமிர்ந்து, கையை முழங்காலில் வைத்து, மூச்சை நிறுத்திவிடுவார். நிலவறையைக் காட்டி, இங்கே ஒருவனைப் பத்து வருடம் பூட்டி வைத்திருந்தார்கள் என்று வழிகாட்டி கதை சொன்னபோது மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அத்தான் வெளியே போய்ப் புல்லில் இருந்துவிட்டார். வாசலில் பார்வையாளர் கையெழுத்து வைக்கும் புத்தகம் ஒன்று கிடந்தது. அக்கா எங்கள் மூவருடைய முழுப்பெயரையும், ரொறன்ரோ வீட்டு இலக்கத்தையும், மிக அழகான இடம் என்று ஒரு பாராட்டையும் எழுதினாள். அதைப் பார்த்த அத்தானுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

தேநீர்ச் சாலைகளில் அவர் சுவரில் முதுகு சாய்ந்து வாசலைப் பார்க்கக்கூடிய கதிரையாகத் தேடி உட்காருவார். பூப்போட்ட கோப்பை, அடுக்குத் தட்டில் கேக், ஜாமும் பாலாடையும் என்று அக்கா ஒவ்வொன்றாகப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். “கொஞ்சம் சிரியுங்கோவன், ஆரோ செத்த வீட்டிலை இருக்கிற மாதிரி” என்று அவரை இடிப்பாள். அவர் சிரிப்பார். படத்தில் பார்த்தால் பல்லு வலிக்காரர் மாதிரித் தெரியும். எனக்கு அக்காவின் மீது கோபம் வந்தது. அவள் பாவம், அவளுக்குத் தெரியாது என்பதால் என் மீதே இன்னும் கூடக் கோபம் வந்தது. இந்த இருவருக்கும் நடுவில் நான் ஏன் வந்து மாட்டினேன் என்று ஒரு தேநீர்ச் சாலையில் இருந்தபோது உண்மையாகவே அழுகை வந்தது. மிளகாய் கடித்துவிட்டேன் என்றேன். கேக்கில் எங்கே மிளகாய் என்று அக்கா கேட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் ஒரு கிராமத்துப் பப்பில் சாப்பாடு. தலையில் இடிக்கும் தாழ்ந்த மரச் சலாகைகள், உள்ளே நுழைந்ததும் பியரும் பொரித்த மீனும் கலந்த வாசம். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போன அத்தான் வரவில்லை. தட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். பஸ் புறப்படும் நேரம். வழிகாட்டிப் பெண் எண்ணினார், பதின்மூன்று. மறுபடியும் எண்ணினார், பதின்மூன்று. நான் பஸ்ஸிலிருந்து இறங்கித் தேடப் போனேன். ஓடிவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஒருமுறை சொல்லாமல் போனவர்தானே என்று மனம் சொல்லிற்று. அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பப்பின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், திறந்திருந்த குசினிக் கதவைப் பார்த்தபடி நின்றார். உள்ளே ஒரு பெடியன் ஆவி பறக்கத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

“இப்பிடி ஒரு இடத்திலைதான் எட்டு மாதமும் கோப்பை கழுவினனான்” என்றார். “வியாழக்கிழமை கையெழுத்து வைச்சிட்டு வந்தா, அண்ணை பின்பக்கத்திலை வந்து நிப்பார். படிக்கிற பெடியன், கையிலை ஒண்டுமில்லை. சோத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். நான் சாப்பிட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பார். நான் கனடாவுக்கு வெளிக்கிட்டதும் ஒரு வியாழக்கிழமைதான். அண்டைக்கும் அவர் வந்திருப்பார். சோத்தோடை நிண்டிருப்பார்.”

“எந்த எட்டு மாதம்? என்ன கையெழுத்து?”

அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அந்த இடத்திலேயே, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், அத்தான் தன் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னார். மற்றப் பதினொரு பேரும் பஸ்ஸில் காத்திருந்தார்களா, வழிகாட்டி என்ன நினைத்தார் என்றெல்லாம் எனக்கு நினைவில்லை. அக்காவின் முகம்தான் நினைவிருக்கிறது. பொய் சொல்லிக் கட்டினீர்களே என்று அவள் கேட்கவில்லை. “செத்தவீட்டண்டு நான் அண்ணியோடை போனிலை என்ன சொன்னனான் தெரியுமோ? உங்களுக்கு நெஞ்சுநோ எண்டு சொன்னனான். அவ புருசனைப் பறிகுடுத்திட்டு நிண்டவ, ‘அவரைக் கவனமாய்ப் பாரும்’ எண்டு எனக்குச் சொன்னவ. எனக்கு எவ்வளவு வெக்கமாய்க் கிடந்தது” என்றாள். பிறகு அவருடைய கையைப் பிடித்து, “நாளைக்கு லண்டனிலை சும்மா விடுற நாள்தானே? கோட்டையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நாங்கள் அண்ணியிட்டைப் போறம்” என்றாள்.

ஹரோ வீட்டுக்குப் போன ரயிலில் அத்தான் அண்ணிக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டு வந்தார். அக்கா காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தாள். கதவைத் திறந்த அண்ணி, படங்களில் பார்த்ததைவிட மெலிந்து, தலை முழுக்க நரைத்துப் போயிருந்தார். “உள்ளை வாங்கோ தம்பி, செருப்பு கிடக்கட்டும்” என்றார். நேற்றுப் போய் இன்று வந்தவருக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். தேத்தண்ணி வந்தது. அத்தான் கோப்பையைத் தொடவில்லை. ரயிலில் உருப்போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். “அண்ணி, நான் அந்த நேரம் வராததுக்கு ஒரு காரணம் இருக்கு...”

“தெரியும் தம்பி” என்றார் அண்ணி. “நீங்கள் போன பிறகு அவரை எத்தினை தரம் கூப்பிட்டு விசாரிச்சவங்கள் எண்டும் தெரியும். கலியாணம் முடிச்ச கிழமையே எனக்குச் சொன்னவர்.”

அத்தான் தலையைக் குனிந்தார். அண்ணி தொடர்ந்து சொன்னார்.

“கோவமில்லை எண்டு சொல்ல மாட்டன். காரணம் தெரிஞ்சும் கோவம்தான். ஆனா உங்களுக்குச் சொல்லாமல் விட்டது நானில்லை. அவர்தான். வயித்திலை கான்சர் எண்டு சொன்ன அண்டைக்கே என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். ‘தம்பிக்குச் சொல்லாதை. கேட்டா நிக்க மாட்டான், வெளிக்கிட்டு வந்திடுவான். வந்தா பிடிச்சுப் போடுவாங்கள்’ எண்டு. கடைசிக் கிழமை உங்கடை பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர். எனக்குத் தாங்கேலாமல் போனை எடுத்தனான். கை நடுங்க நடுங்கப் பறிச்சுத் தலையணைக்குக் கீழை வைச்சிட்டார்.”

தூரத்தில் இருப்பவருக்கு நோய் நொடியைச் சொல்லி மனதைக் குழப்பக்கூடாது என்பது எங்கள் சனத்தின் வழக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு தொண்டை அடைப்பு என்பார்கள். அதை நான் அன்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் அது அன்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்த வீட்டின் சோபாவில் இருந்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“எத்தினை நாள் ஆஸ்பத்திரியிலை?” என்று அத்தான் கேட்டார்.

“நாப்பத்திரண்டு.”

அத்தான் நிமிர்ந்து சொன்னார்: “அண்ணி, எயார்போட்டிலை அந்தக் கதவு பதினைஞ்சு செக்கனிலை திறந்தது.”

“அது அவருக்குத் தெரியாது தம்பி” என்றார் அண்ணி. “எனக்கும் தெரியாது.”

அதற்குப் பிறகுதான் அத்தான் அழுதார். ஓய்வு பெற்ற மனிதர், பேரப்பிள்ளை கண்டவர், வாய்விட்டு அழுதார். அக்கா எழும்பப் போனாள். அண்ணி கையைக் காட்டி அவளை இருத்திவிட்டார். அத்தான் அழுது முடியும்வரை காத்திருந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் எங்களை எவரும் மறிக்கவில்லை. அத்தானும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மறுபடியும் தொடங்கியது, அண்ணியோடு. அதில் ஒரு மாற்றம். அத்தான் இப்போது தும்மினாலும் லண்டனுக்குச் சொல்கிறார். இரத்த அழுத்தம் எவ்வளவு, எந்தப் பல்லைப் பிடுங்கியது, அக்காவுக்கு எந்த முழங்கால் வீக்கம் என்று ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறார். அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் சுகம், எல்லாம் சுகம் என்று மட்டும் சொல்லுவார். அவர் இன்னும் பழைய ஆள்தான் என்று அக்கா சலித்துக்கொள்வாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்த நேரம் தொலைபேசி வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் லண்டன் அழைப்பு என்றதும் அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினாள். அண்ணியின் மகள்தான். அத்தான் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

“சித்தப்பா, அம்மாவை அட்மிட் பண்ணியிருக்கினம். ஹார்ட். ஒப்பரேஷன் செய்யவேணுமாம்” என்றாள். அழாமல் பேச முயன்றது தெரிந்தது. “அம்மா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவா. மாமா ஆக்களுக்கும் சொல்ல வேண்டாமாம். சித்தப்பாவுக்கு மட்டும் சொல்லச் சொன்னவா.”

அத்தான் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, பயணப்பெட்டியில் உடுப்பு அடுக்க மாடிக்கு ஏறினார்.